மூன்று படி இறங்கி

போன வாரம் இரண்டு பேர் வந்து எங்கள் தெரு ரோட்டை அளந்தார்கள். ஒருவர் டேப்பைப் பிடித்தார், மற்றவர் எழுதினார். என் வாசலுக்கு வந்ததும் எழுதுகிறவர் படிகளைப் பார்த்து, "புது ரோடு போட்டா ஒரு படி உள்ள போய்டும் சார். பரவால்ல, உங்களுக்கு இன்னும் ரெண்டு கீதே" என்றார்.

முடியாது என்றேன்.

"இன்னா முடியாது?"

ஒரு படியைக்கூடத் தர முடியாது என்றேன். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள், இல்லாவிட்டால் நான் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொள்வேன், என் மேல் போடுங்கள் என்றேன். அவர்கள் சிரித்துக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தப் படிகள் எப்படி வந்தன என்று அவர்களுக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருடம் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்த்தவன் நான். போல்ட், நட், வாஷர், பேரிங் என்று எண்ணி எண்ணி, எண்ணாமல் ஒரு பொருளைப் பார்க்கவே எனக்கு வராது. நான் இட்லியை எண்ணுகிறேன் என்று என் மனைவி பாத்திரத்தின் மேல் தட்டைப் போட்டு மூடுவாள். கொடியில் துணி காய்ந்தால் கிளிப்பை எண்ணுவேன். இதை ஒரு நோய் என்று என் மகன் சொல்கிறான். நோயாகவே இருக்கட்டும். அந்த நோய்தான் எங்கள் வீடு எத்தனை அங்குலம் மண்ணுக்குள் போனது என்று கண்டுபிடித்தது.

வீடு கட்டியபோது ரோட்டுக்கு மேல் இருபத்தோரு அங்குலம் உயரத்தில் கட்டினேன். ஏழு ஏழு அங்குலமாக மூன்று படி. புதுமனை புகுந்த அன்று என் மனைவி பால் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த மூன்று படியும் ஏறினாள். பால் தளும்பி நடுப்படியில் சிந்தியது. "மொத நாளே வூட்டுக்குப் பால் ஊட்டிட்டேன்" என்றாள்.

அப்போது அது மண் ரோடு. பிறகு இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் கம்பெனிகள் வந்தன, ஒரகடத்தில் வந்தன, இரண்டுக்கும் நடுவில் இருந்த எங்கள் தெருவில் கன்டெய்னர் லாரிகள் குறுக்கு வழி தேடி வந்தன. ரோடு உடைந்தது. உடைந்த ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டார்கள். ஒவ்வொரு தடவை போட்டபோதும் சுற்றுச்சுவரில் ஆணியால் கோடு கிழித்துவைத்தேன். ஏழு அங்குலம், ஆறு, எட்டு. மூன்றாவது ரோட்டோடு எங்கள் மூன்று படிகளும் மறைந்து வீடும் ரோடும் சமமாகிவிட்டன. அதற்குப் பிறகு ஒன்பது, எட்டு, பத்து. ஆக, வீட்டுத் தரை ரோட்டுக்குக் கீழே இருபத்தேழு அங்குலம். வாசலில் இறங்கிப் போகப் படி கட்ட வேண்டியதாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் போகிற வழியில் இருக்கிறவர்கள் நாங்கள். ஐப்பசியில் ரோட்டுத் தண்ணீர் நேராக எங்கள் கூடத்துக்குள் வரும். பதினான்கு தடவை வந்திருக்கிறது.

ஐந்தாவது ரோடு போட்ட பிறகு என் அம்மா இறந்துபோனாள். அப்போது பள்ளம் பதினேழு அங்குலம். எங்கள் பக்கத்தில் உடலை நீள பெஞ்சில் வைத்து வாசலுக்கு வெளியே கொண்டுவந்து குளிப்பாட்டி, பிறகு பாடையில் வைப்போம். வாசலில் இடமே இல்லை. பெஞ்சைப் பள்ளத்திலிருந்து ரோட்டுக்கு ஏற்ற வேண்டியிருந்தது. முன்னால் இரண்டு பேர் மேலே நின்று இழுத்தார்கள், பின்னால் இரண்டு பேர் தள்ளினார்கள். "தூக்கு, தூக்கு, உன் பக்கம் தூக்கு" என்று சத்தம். பெஞ்சு சாய்ந்து அம்மா ஒரு முழம் வழுக்கிவிட்டாள். மாலை கழன்று விழுந்தது. ஒருவன் சிரிப்பை அடக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டதை நானும் பார்த்தேன், என் மனைவியும் பார்த்தாள்.

காரியம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்ட அன்றைக்கு அவள் சொன்னாள்: "யோவ், இதோ பாரு. என்னை அப்டி மூட்டை ஏத்தற மாதிரி மேல இஸ்துகினு போவாத. மூணு படி ஏறித்தான் இந்த வூட்டுக்குள்ள வந்தேன். மூணு படி எறங்கித்தான் போவேன். சொல்ட்டேன்."

"படி எங்கே இருக்கு? ரோட்டுக்கு அடியில இருக்கு" என்றேன்.

"அது உன் பாடு. நீதான் கணக்குல புலியாச்சே."

வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்கள் என்று அப்போதுதான் கேள்விப்பட்டேன். சென்னைப் பக்கம் ரோட்டுக்குக் கீழே போன வீடுகளை இப்படித்தான் உயர்த்துகிறார்கள். சுவருக்கு அடியில் அஸ்திவாரத்தை உடைத்து இரும்புச் சட்டம் கொடுத்து, வரிசையாக ஜாக்கி வைத்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுவார்கள். நான் விசாரித்தேன். வரைபடம் போட்டேன். தூக்கிய வீடுகளைப் போய்ப் பார்த்து விரிசல்களை எண்ணிக்கொண்டு வந்தேன். இப்படியே எட்டு வருடம் போயிற்று. "நீ எண்ணி முடிக்கறதுக்குள்ள நான் போய்ச் சேந்துடுவேன்" என்று அவள் வருடத்துக்கு ஒருமுறையாவது சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். நான் அவசரப்பட்டிருக்க வேண்டும் என்று இப்போது பலர் எனக்குச் சொல்கிறார்கள். விரிசல் விட்ட சுவருக்குள் அவளைக் குடிவைத்திருந்தால் அவர்களே வேறு மாதிரி பேசியிருப்பார்கள்.

அவளுக்கு இதயம் வீங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன மாதம் வேலையை ஆரம்பித்தேன். படப்பையில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு போயிருந்த என் மகன், அம்மாவைத் தன்னோடு அனுப்பச் சொன்னான். "அங்க டைல்ஸ், வெஸ்டர்ன் டாய்லெட், எல்லாம் இருக்குப்பா. இந்த வயசுல வூட்டைத் தூக்கி இன்னா பண்ணப் போற?"

"உங்கம்மாவைக் கேளு" என்றேன்.

அவள், "உன் வூட்டுல எத்தினி படிடா?" என்றாள்.

"ஒரு படிதாம்மா. கஷ்டமே இல்ல."

"அப்ப வேணாம்."

வீட்டுக்குப் பின்னால் கொஞ்ச வருடம் முன்பு நான்கு அறைகள் உயர்த்திக் கட்டி வாடகைக்கு விட்டிருந்தேன். ஒன்று காலியாயிற்று. அதில் நாங்கள் இருவரும் குடியேறினோம். பக்கத்து அறையில் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த மூன்று பெண்கள் இருந்தார்கள். கம்பெனி வேலை, மாறி மாறி ஷிப்ட். அதில் மூத்தவள் டெஸ்பாட்ச் பிரிவில் இருந்தாள். லாரியில் பெட்டி ஏற்றுகிற இடம் அது. அவளுக்கும் என் மனைவிக்கும் முதல் நாளிலேயே வழக்கு.

எங்கள் பக்கத்தில் பாட்டியை ஆயா என்போம். பேத்தி பிறந்ததிலிருந்து நானே என் மனைவியை ஆயா என்றுதான் கூப்பிடுகிறேன். அந்தப் பெண்ணுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

"எங்கூர்ல ஆயான்னா பள்ளிக்கூடம் பெருக்குதவங்க. ஒங்களப் போயி எப்படி அப்படிக் கூப்பிட?"

"பெருக்கறவளாவே இருந்துட்டுப் போறேன். நாப்பது வருசமா இந்த வாசலைப் பெருக்கினது யாருன்ற? ஆயான்னு கூப்டு."

"நான் ஆச்சின்னுதான் கூப்பிடுவேன்."

"ஆச்சின்னா முடிஞ்சிபோச்சுன்னு அர்த்தம்டி. நான் இன்னும் முடியல."

கடைசிவரை இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஜாக்கிகள் நூற்றுப் பன்னிரண்டு. மேஸ்திரி நூறு என்றார். நான் எண்ணிக் காட்டினேன். அவர் விசில் ஊதுவார், ஆட்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் கால் சுற்றுத் திருகுவார்கள். மறுபடி விசில். மூன்று அடி போதும் என்று மேஸ்திரி சொன்னார். நான் நான்கு அடிதான் என்றேன். நாற்பத்தெட்டு அங்குலம் ஏறினால்தான் பழையபடி ரோட்டுக்கு மேல் இருபத்தோரு அங்குலம் வரும், மூன்று படி வரும். என் மனைவி பின்னறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வீங்கிய கால்களை முக்காலியில் வைத்துக்கொண்டு, விசிலைக் கேட்டுக்கொண்டிருப்பாள். "உன் ரயிலு இன்னிக்கி எவ்ளோ தூரம் போச்சு?" என்பாள். "மூணு அங்குலம்" என்பேன்.

பத்தொன்பதாம் நாள் நாற்பத்தெட்டு அங்குலம் முடிந்தது. சுவருக்கு அடியில் செங்கல் கட்டி, ஜாக்கிகளை எடுத்தார்கள். ஒரு விரிசல்கூட இல்லை. அவளைக் கைபிடித்து முன்வாசலுக்கு அழைத்துப் போனேன். நிலைப்படி ரோட்டுக்கு மேலே, எங்கள் முழங்காலுக்கு மேலே நின்றது. அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்து, மூச்சு வாங்கி, இருமி, மறுபடி சிரித்தாள்.

"யோவ். சுவரு மேல வந்துட்ச்சி. தரை எங்கய்யா?"

தரை பழைய இடத்திலேயே இருந்தது. நிலைப்படிக்கு நான்கு அடி கீழே, பள்ளத்தில். கூடத்தின் பச்சைத் தரை கிணற்றுக்குள் தெரிகிற மாதிரி தெரிந்தது.

"நான் மொதல்லியே சொன்னேனே சார்" என்றார் மேஸ்திரி. "நாங்க சுவத்தைத்தான் தூக்குவோம். தரைக்கு நீங்கதான் மண்ணு ரொப்பிக்கணும்."

சொல்லியிருப்பார். நான் அப்போது ஜாக்கிக்கும் சட்டத்துக்கும் அளவு போட்டுக்கொண்டிருந்திருப்பேன். சுவரின் நீளம் தெரியும், எடை தெரியும், விசில்கள் எத்தனை என்றுகூடத் தெரியும். நாற்பது வருடம் நான் நடந்த தரையை எண்ணவில்லை.

"நூத்திப் பன்னெண்டு ஜாக்கி எண்ணின மனுசன்" என்று அவள் அந்தப் பெண்களிடம் போய்ச் சொன்னாள். அன்று மாலை முழுக்க அந்த அறையில் சிரிப்புச் சத்தம்.

நிரப்பப் பத்து லோடு சவுடு மண் தேவைப்பட்டது. லாரிக்காரர்களிடம் சொன்னேன். எல்லா லாரியும் ஏதோ ஒரு புதுக் கம்பெனி இடத்துக்கு மண் அடித்துக்கொண்டிருந்தன. பத்து லோடு கேட்கிற கிழவனுக்கு எந்த லாரி வரும்? நாளைக்கு என்பார்கள். நடுவில் மழை வேறு. தினமும் காலையில் அவள் கேட்பாள்: "மண்ணு வந்துச்சா?" "இன்னிக்கு வரும்" என்பேன். பதினோரு நாள் கேட்டாள். பதினோரு நாள் அதையே சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள் விடிந்தபோது அவள் கேட்கவில்லை. மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. மகனுக்குப் போன் செய்தேன், ஆம்புலன்ஸுக்குச் செய்தேன். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரியில் கேட்பார்கள் என்று நினைத்தேன். நிமிடத்துக்கு முப்பத்தாறு. அடுத்த நிமிடம் இருபத்தெட்டு. குறைகிறதே, நல்லதுதான் என்று தோன்றிற்று. அதற்கடுத்த நிமிடம் பதினொன்று வரை எண்ணினேன். பன்னிரண்டுக்காகக் காத்திருந்தேன்.

மாத்திரைப் பெட்டியில் அன்று காலைக்குரிய நான்கு மாத்திரைகள் அப்படியே இருந்தன.

ஏழு மணிக்குள் மகன் வந்துவிட்டான். கொஞ்ச நேரம் அம்மாவின் காலடியில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தான். எழுந்தபோது முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலையில் இறங்கினான். பந்தல், நாற்காலி, ஐஸ் பெட்டி, மேளம் எல்லாம் போனிலேயே சொன்னான். "நாலு மணிக்கு எடுத்துடலாம். பின்னாடி ரூம்லேர்ந்து சந்து வழியா ரோட்டுக்குப் போனா சமமா இருக்குப்பா. ஒண்ணும் கஷ்டம் இல்ல."

"முன்வாசல் வழியாத்தான் போவா" என்றேன்.

"உள்ள தரையே இல்லப்பா."

"போடு."

"இன்னா போடறது? நாலு மணிக்குள்ள பத்து லோடு மண்ணா? ஏம்பா, செத்தவங்களுக்குப் படி எத்தினின்னு தெரியுமா?"

"எனக்குத் தெரியும்" என்றேன்.

எண்பது வயதான என் அக்கா அதற்குள் ஆட்டோவில் வந்து இறங்கியிருந்தாள். விஷயம் காதில் விழுந்ததும் அழுகையை நிறுத்திவிட்டாள். "டேய், பின்னாடி ரூம்ல போனவளை முன்வாசல்ல உள்ள கொண்டாந்து, மறுபடி வெளிய கொண்டு போவியா? வெளிய போன உசுரை வூட்டுக்குள்ள கொண்டாரக் கூடாதுடா. தொணைக்கி இன்னொரு ஆளைக் கூட்டிகினு போவும்."

"கூட்டிகினு போவட்டும்க்கா. அடுத்த ஆள் நான்தானே."

"வாயக் கழுவுடா."

"அதோட, பின்னாடி ரூமும் இந்த வூடும் ஒரே கதவு எண்தான். வரி ரசீதைப் பாரு. அவ வெளியவே போகல."

அக்கா மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி அழ ஆரம்பித்தாள். என் மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். அதற்குள் நான் முன்வாசலுக்குப் போய், உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டுக்குப் பத்து கூடம். ஆழம் நாற்பத்தெட்டு அங்குலம். ஐந்நூறு கன அடிக்குக் கொஞ்சம் குறைவு. என்னால் கணக்குப் போட முடிந்தது. அதற்கு மேல் ஒன்றும் முடியவில்லை.

நைட் ஷிப்ட் முடித்து அந்தத் தென்காசிப் பெண் அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பின்னறைக்கு ஓடினாள். "ஆச்சி, ஆச்சி" என்று அவள் அழுத சத்தம் முன்வாசல் வரை கேட்டது. யாரோ ஒரு கிழவி, "யாரும்மா அது ஆச்சி?" என்று கேட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்று, தானும் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"மண்ணு எதுக்குத் தாத்தா? பேலட் போட்டு அடுக்கிருவோம்லா."

பேலட் என்பது கம்பெனிகளில் பெட்டிகளை அடுக்குவதற்கு அடியில் வைக்கிற மரத்தட்டு. இந்தப் பக்கத்தில் எங்கே பார்த்தாலும் அது கிடக்கும். பழையதை வாங்கி விறகாகவும் கதவாகவும் ஆட்டுக்கொட்டகையாகவும் ஆக்குகிறார்கள். இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் பழைய மரக்கடைகளில் மலை மாதிரி குவித்து வைத்திருப்பார்கள்.

"தாங்குமா?" என்றேன்.

"என்ன தாத்தா இப்படிக் கேக்கீய? நாங்க ஒரு டன்னு சரக்க அது மேலதான் நிறுத்துதோம். ஆச்சி நாப்பத்தஞ்சு கிலோ இருப்பாவளா?"

"நாற்பத்தொன்று" என்றேன். போன மாதம் எடை பார்த்தது.

"ஒசரம் ஆறு இஞ்சு. எட்டு அடுக்கு போட்டா ஒங்க கணக்கு வந்துருது."

ஒரு அடுக்குக்கு நீளவாட்டில் மூன்று, அகலவாட்டில் இரண்டு. ஆறு எட்டு நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு அங்குலத்துக்கு நாற்பத்தெட்டு பேலட். இவ்வளவு சரியாக வந்தால் எங்கோ தப்பு இருக்கும் என்று ஸ்டோர்ஸில் பழகியவன் நான். மறுபடி போட்டுப் பார்த்தேன். தப்பு இல்லை.

மகனைப் பார்த்தேன். அவன் அந்தப் பெண்ணைப் பார்த்தான். என்னை எதிர்த்து அவனால் நாளெல்லாம் பேச முடியும். நைட் ஷிப்ட் முடிந்து தூங்காமல் நிற்கிறவளிடம் என்ன பேசுவது? "குட்டியானை வண்டி ஒண்ணு சொல்றேன்" என்று போனை எடுத்தான். "ரெண்டு டிரிப் ஆவும். நானே போய்ட்டு வரேன்."

அவன் போனதும் படி வேலையை ஆரம்பித்தேன். மேஸ்திரி துக்கம் விசாரிக்க வந்திருந்தார். படி கட்டச் சொன்னேன். பின்னால் நகர்ந்தார். "சாவு வூட்டுல கரண்டி எடுக்க மாட்டேன் சார். எங்கப்பா காலத்துலேர்ந்து வழக்கம். தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு செங்கல்லை எடுத்தேன். எனக்கு எழுபத்துமூன்று வயது. செங்கல் மூன்று அங்குலம், இடையில் அரை அங்குலம் சேறு, இரண்டு வரிசைக்கு ஏழு அங்குலம், ஒரு படி. சிமென்ட் காய நேரமில்லை, மண்ணைக் குழைத்தேன். பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மேஸ்திரியும் கைகட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது செங்கல் வைத்தேன். பத்தாவதில் அவர் பொறுமை போய்விட்டது.

"சார், நூலு புடிக்காம வைக்கறீங்களே. பாம்பு போவற மாதிரி போவுது பாருங்க."

"போகட்டும்."

"நான் தூக்கின வூட்டுக்கு இப்டி ஒரு படியா? நாளைக்கி எவனாவது வந்து பாத்தா நான்தான் கட்டினேன்னு நெனைப்பான். எழுந்திருங்க. எழுந்திருங்க சார்." கரண்டியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். அவருடைய அப்பா காலத்து வழக்கம் அத்தோடு முடிந்தது. நான் வைத்த ஒன்பதையும் பெயர்த்துப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார்.

பதினொன்றரைக்கு முதல் நடை வந்தது. மகனும் உறவுக்காரப் பையன்களும் பேலட்டை வாசலில் கொடுக்க, பள்ளத்துக்குள் இறங்கி நின்ற அந்த மூன்று பெண்களும் வாங்கி அடுக்கினார்கள். "மூலைக்கு மூல சேந்திருக்கணும். அடுத்தத குறுக்க போடு" என்று மூத்தவள் சத்தம் போட்டாள். கம்பெனியில் அவளுக்கு மேலே சூப்பர்வைசர் இருந்தான். இங்கே அவள்தான் சூப்பர்வைசர். ரோட்டில் பைக்கை நிறுத்திய ஒருவன், "சாவு வூட்டுல இன்னாபா லோடு எறக்கறீங்க?" என்றான். "தரை" என்றேன். அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

இரண்டாம் நடையையும் சேர்த்து எண்ணினால் மொத்தம் நாற்பத்தேழுதான் இருந்தது. கடைக்காரன் ஒன்று குறைத்துவிட்டான். மகன் என்னைப் பார்த்து, "நீ எண்ணுவேன்னு தெரியும், நான் எண்ணலைப்பா" என்றான். காலையிலிருந்து அவன் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஏதோ வந்து போயிற்று. குறைந்த இடத்தில் மிச்சச் செங்கல்லை அடுக்கிச் சரிசெய்தோம். மேலே பாய் விரித்து, அதன் மேல் ஜமக்காளம். நான் ஏறி நடந்து பார்த்தேன். லேசாக முனகியது, ஆடவில்லை.

இரண்டு மணிக்கு அவளைக் கொண்டுவந்து படியேற்றிக் கூடத்தில் தெற்கே தலை வைத்துக் கிடத்தினோம். தலைமாட்டில் விளக்கு. ஐஸ் பெட்டிக்குப் பின்னறையிலிருந்து கரண்ட் இழுத்தோம். அக்கா வாசலில் நின்று பார்த்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூன்று படியும் ஏறி, உள்ளே வந்து, என் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "லாரி மேல உக்காந்த மாதிரி கீதுடா" என்றாள். ஆனால் கடைசிவரை எழுந்திருக்கவில்லை. சொந்தம் சொந்தமாக வந்து, ஏறி, பார்த்து, இறங்கிப் போனார்கள். அந்த வீட்டுக்கு ஆட்கள் அப்படி வேட்டி நனையாமல், தலை இடிக்காமல் வந்து போய் எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

நான்கு மணி, ஐந்து ஆயிற்று. வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மேஸ்திரி என் காதருகில் வந்தார். "சார், சிமென்ட் இல்ல, வெறும் மண்ணு. நடுவுல மிதிச்சா நிக்கும். கீழ்ப்படி ஓரம் மட்டும் ஆடுது. ஓரத்துல மிதிக்க வேணாம்னு சொல்லுங்க."

பெஞ்சைத் தூக்குகிறவர்கள் நான்கு பேர். முன்னால் இருவர் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் படியின் ஓரத்தில்தான் கால் விழும். அவர்களிடம் என்ன சொல்வது? நான் கீழ்ப்படியின் இடது ஓரத்துக்குப் போய் வலது காலை ஆடுகிற செங்கல் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு நின்றேன்.

பெஞ்சு நிலைக்கு வந்தது. கால்பக்கம் முன்னால். பெஞ்சின் இடது முன்காலைப் பிடித்திருந்தவன் என் மகன். பின்னோக்கி இறங்க வேண்டியவன், திரும்பிப் பார்த்தான்.

"ப்பா, காலை எடு. தடுக்கி வுழப் போறேன்."

"நீ இறங்கு."

"காலை எடுப்பா."

"எடுக்க மாட்டேன். இறங்குடா."

அவன் ஒரு கணம் என்னைப் பார்த்தான், பிறகு என் காலுக்குக் கீழே இருந்த செங்கல்லைப் பார்த்தான். புரிந்துகொண்டான். மேளக்காரர்களை நிறுத்தச் சொல்லித் தலையசைத்தான். பெஞ்சு சாயாமல் இருக்கப் பின்னால் வந்தவர்கள் தாழ்த்திப் பிடித்தார்கள். அவன் கால் மேல்படியில் இறங்கியது. "ஒண்ணு" என்று கேட்டது. நான்தான் சொன்னேன் என்று முதலில் நினைத்தேன். என் வாய் மூடியிருந்தது. நடுப்படி, அவள் பால் சிந்திய இடத்துக்கு எத்தனையோ அங்குலம் மேலே இருந்த புது நடுப்படி. "ரெண்டு." அவன் செருப்பில்லாத கால் என் காலை உரசிக்கொண்டு கீழ்ப்படியில் விழுந்தது. செங்கல் அசைந்தது. என் எடை மொத்தத்தையும் அதன் மேல் போட்டேன். நின்றது.

"மூணு" என்றான் மகன். அவன் கால் ரோட்டைத் தொட்டது. "மூணும்மா. எறங்கிட்ட."

பெஞ்சு மட்டமாக என்னைத் தாண்டிப் போயிற்று. மாலையில் ஒரு பூக்கூட நகரவில்லை. பின்னால் வந்தவர்கள் இருவரும் இறங்கும்வரை நான் காலை எடுக்கவில்லை. அதற்குப் பிறகும் எடுக்க முடியவில்லை, மரத்துப்போயிருந்தது. தென்காசிப் பெண்தான் வந்து என் கையைப் பிடித்து இறக்கினாள். பந்தலில் குளிப்பாட்டியதும் என் பேத்தி நெய்ப்பந்தம் பிடித்து மூன்று சுற்று வந்தாள். தீக்குப் பயந்து கையை நீட்டிப் பிடித்திருந்தாள். "ஆயா" என்று கூப்பிட்டாள்.

காரியத்துக்கு மறுவாரம் மண் வந்தது. பத்து லோடு. பேலட்டுகளை எடுத்து அந்தப் பெண்களுக்குக் கொடுத்தேன். அறைக்குள் கட்டிலாகப் போட்டுக்கொண்டார்கள். மேஸ்திரி திரும்பி வந்து படிகளைச் சிமென்ட் வைத்துக் கட்டி, மேலே கருங்கல் பதித்தார். "மூணை நாலாக்கி உயரத்தைக் கொறைச்சா வயசானவங்களுக்கு ஈசியா இருக்கும் சார்" என்றார். வயதானவன் நான் ஒருவன்தான், எனக்கு மூன்றுதான் வேண்டும் என்றேன்.

இந்தப் படிகளில் ஒன்றைத்தான் அளக்க வந்தவர்கள் கேட்கிறார்கள். மனு கொடுத்திருக்கிறேன். மூன்று பிரதிகள். ரோடு போடுகிற இயந்திரம் தெருமுனையில் வந்து நிற்கிறது. வரட்டும். கீழ்ப்படியில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். அகலம் பதினோரு அங்குலம். எனக்குப் போதும்.